கட்டற்ற பியானோ ஒலித்தொகுப்புகள்: ஆக்கமும் செப்பமும்

காவிரிப் படுகையின் திருவிழா மேடைகளிலும் தேவாலயப் பாடற்குழுக்களிலும் வீட்டு ஒலிப்பதிவு அறைகளிலும் இன்று கேட்கும் பியானோ ஒலி, பெரும்பாலும் பியானோவிலிருந்து நேரே பிறப்பதன்று. எங்கோ ஓர் அறையில் ஒரு பியானோவின் கட்டைகள் ஒவ்வொன்றாக அழுத்தப்பட்டு, அவற்றின் ஒலி தனித்தனிக் கோப்புகளாகப் பதிவு செய்யப்பட்டு, கலைஞர் தம் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தும்போது அதற்குரிய கோப்பு ஒலிக்குமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. அவ்வாறு பதிவான ஒவ்வொன்றும் ஒலிமாதிரி எனப்படும். ஒரு கருவியின் ஒலிமாதிரிகள் அனைத்தையும், எந்தக் கட்டைக்கு எந்த மாதிரி என்று கூறும் வரைபடத்தோடு சேர்த்தால் அது ஒலித்தொகுப்பு. மேடைக் கலைஞர்கள் இதனைச் சுருக்கமாக ‘டோன்’ என்பர். பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி வட்டாரத்து மெல்லிசைக் குழு ஒன்றில் வாசிப்பவருக்குப் பெரிய பியானோவை வாங்குவதும் வைப்பதும் பராமரிப்பதும் எட்டாத செயல்; நல்ல டோன் ஒன்று கிடைப்பதே அவருக்குப் பியானோ கிடைப்பதாகும். ஆகவே, இலவசமாகக் கிடைக்கும் பியானோ ஒலித்தொகுப்புகள் எவ்வாறு உருவாகின்றன, எவ்வாறு செம்மையாகின்றன, அவற்றின் முறை தஞ்சை வட்டாரத்துக் கருவிகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்னும் வினாக்கள் இந்த மண்ணின் இசைவாழ்வோடு நேரடித் தொடர்புடையவை.

தொடக்கத்திலேயே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது. விலையில்லாமல் கிடைப்பது ஒன்று. கட்டற்றதாக இருப்பது வேறொன்று. விலையில்லாத தொகுப்பைப் பயன்படுத்தலாம், ஆனால் அதைத் திருத்தவோ திருத்தியதைப் பிறருக்கு வழங்கவோ உரிமை இல்லாமல் போகலாம். கட்டற்ற தொகுப்பில் பயன்படுத்துதல், ஆராய்தல், திருத்துதல், பகிர்தல் ஆகிய நான்கும் உரிமத்தாலேயே அனுமதிக்கப்பட்டிருக்கும். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதுதான்: ஒரு தொகுப்பை உயிரோடு வைத்திருப்பது முதல் ஒலிப்பதிவின் சிறப்பைவிட அதன் பின்னர் பலர் கைபட்டு நடக்கும் செப்பமே; அந்தச் செப்பத்திற்கு இடமளிப்பது உரிமமும், மூலப்பதிவுகளைத் திறந்துவைக்கும் பழக்கமும் ஆகும்.

பதிந்த ஒலியைக் கட்டைகளோடு இணைக்கும் எண்ணம் பழையது. 1960களில் வந்த மெல்லோட்ரான் என்னும் கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காந்த நாடா இருந்தது. 1984இல் வெளிவந்த கர்ஸ்வைல் 250, பியானோவின் ஒலிமாதிரிகளை மின்னணு நினைவகத்தில் வைத்து, கணினி வழியே பியானோ ஒலியை ஏற்கத்தக்க அளவில் தர முடியும் என்று காட்டியது. ஆனால் அக்கால நினைவகம் மிகச் சிறியது. ஆகவே ஒலியின் தொடக்கத்தை மட்டும் பதிந்து, அடுத்துவரும் சிறு பகுதியை மீண்டும் மீண்டும் சுழலவிட்டு, ஓசை தேய்வதைச் செயற்கையாக உண்டாக்கினர். பியானோவின் ஓசை தேயத்தேய அதன் நிறமும் மாறிக்கொண்டே செல்லும் என்பதால், சுழலும் ஒலி காதுக்கு உடனே பொய்யாகத் தெரியும். 1990களின் இறுதியில் ஒலிக்கோப்பை வன்தட்டிலிருந்து நேரே படித்து வாசிக்கும் மென்பொருள்கள் வந்த பிறகே, ஒவ்வொரு சுரத்தையும் அது முற்றிலும் அடங்கும்வரை முழுமையாகப் பதிந்து வைக்கும் வழக்கம் நிலைபெற்றது.

ஒலிமாதிரி முறைக்குப் பியானோவைப்போல் இசைந்த கருவி வேறில்லை. ஒரு கட்டைக்கு ஒரு சுரம், அழுத்திய பின் சுரத்தை வளைக்கக் கலைஞருக்கு வழியில்லை, 27.5 ஹெர்ட்ஸ் தொடங்கி ஏறத்தாழ 4186 ஹெர்ட்ஸ் வரை 88 சுரங்கள், அவ்வளவே. கலைஞரின் கையில் எஞ்சியிருப்பவை மூன்று: எவ்வளவு விசையோடு அழுத்துகிறார், எப்போது கையை எடுக்கிறார், பெடலை எவ்வாறு மிதிக்கிறார். இவற்றுள் முதலாவதே மிகச் சிக்கலானது. அதன் அறிவியலைத் தொட்டவர்களுள் ஒருவர் காவிரிக்கரையில் பிறந்தவர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. 1888இல் திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. இராமன், ஒளியியல் ஆய்வுகளால் உலகப்புகழ் பெறுவதற்குமுன் இசைக்கருவிகளின் இயற்பியலில் ஆழ்ந்திருந்தார். 1920இல் பானர்ஜி என்பாரோடு இணைந்து, பியானோவின் சுத்தியல் தந்தியைத் தாக்குவதைப் பற்றிய காஃப்மன் கோட்பாட்டை ஆராய்ந்து இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியிட்டார். அதே ஆண்டில் மிருதங்கம் போன்ற தோற்கருவிகளின் மேற்சுரங்களைப் பற்றியும், அடுத்த ஆண்டில் வீணை, தம்புரா ஆகியவற்றின் குதிரைகளைப் பற்றியும் எழுதினார். பியானோ, மிருதங்கம், வீணை ஆகிய மூன்றும் ஒரே மனத்தில் ஒரே காலத்தில் ஆய்வுப்பொருளாக இருந்தன என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதி மீண்டும் பயன்கொள்ளும்.

பியானோவின் சுத்தியல் தலை, அழுத்திய கம்பளியால் ஆனது. மெல்ல மோதும்போது கம்பளி மென்மையாக நடந்துகொள்கிறது. சுத்தியல் தந்தியோடு சற்று நீண்ட நேரம் ஒட்டியிருந்து உயர்ந்த மேற்சுரங்களை அடக்கிவிடுகிறது. வேகமாக மோதும்போது அதே கம்பளி இறுகிக் கடினமாகிறது. தொடும் நேரம் குறைகிறது. மேற்சுரங்கள் பீறிட்டு எழுகின்றன. மேற்சுரங்கள் என்பவை, ஒரு தந்தி தன் அடிப்படை அதிர்வோடு சேர்த்து எழுப்பும் உயர்ந்த அதிர்வுகள். ஒலியின் நிறத்தைத் தீர்மானிப்பவை அவையே. எனவே மெல்லிய அழுத்தத்தில் பிறந்த ஒலியை வெறுமனே உரக்க ஒலிக்கச் செய்தால் அது வலுவான அழுத்தத்தின் ஒலி ஆகாது. இதனால்தான் ஒரே கட்டையைப் பல விசைகளில் அழுத்தித் தனித்தனியே பதிகின்றனர். இவ்வாறு அமையும் வரிசைகள் வேக அடுக்குகள் எனப்படும்; கட்டை கீழிறங்கும் வேகத்தை 1 முதல் 127 வரையுள்ள எண்ணாகச் சொல்லும் மிடி என்னும் இசைக்கருவித் தொடர்பு நெறி, எந்த அடுக்கு ஒலிக்க வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கிறது.

கட்டற்ற பியானோக்களுள் மிகப் பரவலாக அறியப்பட்ட ‘சாலமாண்டர் கிராண்ட் பியானோ’ இம்முறையின் சிறந்த சான்று. அலெக்சாண்டர் ஹோல்ம் என்பவர் யமஹா சி5 வகைப் பெரிய பியானோவை, தந்திகளுக்கு மேலே ஏறத்தாழ 12 செ.மீ. உயரத்தில் இரண்டு ஏ.கே.ஜி. சி414 ஒலிவாங்கிகளை வைத்துப் பதிந்து உருவாக்கியது அது. 88 கட்டைகளையும் பதியாமல், மிகத் தாழ்ந்த கட்டையிலிருந்து மூன்று அரைச்சுரங்களுக்கு ஒன்றாக 30 கட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் 16 வேக அடுக்குகளில் பதிந்தார். இடையில் விடுபட்ட கட்டைகளுக்கு அண்டைக் கட்டையின் மாதிரியே ஓர் அரைச்சுரம் ஏற்றியோ இறக்கியோ, அதாவது ஏறத்தாழ 6 விழுக்காடு விரைவாகவோ மெதுவாகவோ ஒலிக்கப்படுகிறது. அந்த அளவு மாற்றத்தைக் காது பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். இதன்படி நீளொலிகள் மட்டும் 480. ஒரு நொடிக்கு 48,000 முறை, 24 பிட் அளவில், இரு தடங்களாகப் பதியும்போது நொடிக்கு 2,88,000 பைட்டுகள் தேவை. ஒவ்வொரு மாதிரியும் சராசரியாக 20 நொடி நீண்டால் மொத்தம் 2.7 ஜிகாபைட்டைத் தாண்டும். கையை எடுக்கும்போது சுத்தியலும், தந்தியின் அதிர்வை நிறுத்தும் அடக்கியும் எழுப்பும் சிற்றோசைகளையும் அவர் தனியே பதிந்து சேர்த்தார். கேட்பவர் கவனிக்காத அந்தச் சிற்றோசைகள் இல்லாதபோதுதான் ஏதோ குறைகிறது என்று தோன்றும்.

இதற்கு மாறான வேறொரு மரபும் உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக மின்னணு இசைக்கூடம் 1997 முதல் பல மேலைக்கருவிகளின் ஒலிமாதிரிகளைப் பதிந்து, எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்திருக்கிறது. அதன் ஸ்டைன்வே பியானோ மெலிவு, நடு, வலிவு என்னும் மூன்றே விசைகளில் பதிவானது. வாசிப்பதற்கு ஆயத்தமான டோனாக அது வழங்கப்படவில்லை, வெட்டி ஒட்டிச் செப்பனிட வேண்டிய மூலப்பதிவாகவே வழங்கப்பட்டது. ஆயினும் அந்த மூலப்பதிவுகளிலிருந்து பலர் பல தொகுப்புகளைச் செய்துகொண்டனர். ஒரு கல்வி நிறுவனம் தன் பொறுப்பில் மூலத்தைப் பாதுகாத்து வைப்பதன் பயன் இதில் தெரிகிறது. 1981இல் நிறுவப்பெற்ற தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமோ, திருவையாற்று அரசு இசைக்கல்லூரியோ இத்தகைய பணிக்கு முற்றிலும் தகுந்த இடங்கள்.

ஒலிப்பதிவின் இடர்ப்பாடுகள் நிலத்துக்கு நிலம் மாறுபடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்றில் பியானோவின் ஒலிப்பலகை ஈரத்தை உறிஞ்சிப் புடைக்கிறது. தந்திகளின் இழுவிசை கூடிச் சுருதி ஏறுகிறது. அந்த ஏற்றமும் எல்லாக் கட்டைகளிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. பல நாள் நீளும் பதிவில் முதல் நாள் பதிந்த அடுக்கும் மூன்றாம் நாள் பதிந்த அடுக்கும் சுருதி மாறி நின்றால், மெல்ல வாசிக்கும்போது ஒரு சுருதியும் வலிந்து வாசிக்கும்போது வேறொரு சுருதியும் கேட்கும். மழைக்காலத்து இரவுகளில் தவளைகளின் ஓசை. தை, மாசியில் சம்பா அறுவடை இயந்திரங்கள். ஆண்டு முழுவதும் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களின் தாழ்ந்த உறுமல். மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்திவிட்டே பதிய வேண்டியிருப்பதால், அறையின் வெப்பம் ஏறுவதும் சுருதியைப் பாதிக்கும். பெருநகர ஒலிப்பதிவுக் கூடத்தின் அமைதி கிடைக்காத இடத்தில், ஒவ்வொரு கட்டையையும் பலமுறை பதிந்து தூயதைத் தேர்வதே வழி.

இரைச்சலைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதற்குக் காரணம் உண்டு. ஒரு மாதிரியில் உள்ள மெல்லிய இரைச்சல் தனித்துக் கேட்கும்போது தெரியாது. ஆனால் பத்து மாதிரிகள் ஒருங்கே ஒலிக்கும்போது அந்த இரைச்சல் 10 டெசிபெல் கூடுகிறது. பெடலை மிதித்து முப்பது சுரங்களைத் தொங்கவிட்டால் ஏறத்தாழ 15 டெசிபெல் கூடும். பாடல் தொடங்கியவுடன் மழைபோன்ற ஒரு பின்னோசை எழுந்து, வாசிப்பு நின்றவுடன் மறையும். இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் இன்று எளிதில் கிடைக்கின்றன. எளிதில் கிடைப்பதாலேயே அளவு மீறியும் பயன்படுத்தப்படுகின்றன. பியானோவின் ஒலி தேய்ந்து இரைச்சலின் மட்டத்தை நெருங்கும் கடைசி நொடிகளில்தான் அறையின் காற்றும் மரத்தின் நிறைவும் தங்கியிருக்கின்றன. இரைச்சலோடு அவற்றையும் துடைத்துவிட்டால், சுரம் இயற்கையாக அடங்காமல் திடீரென அறுந்துபோகும். சற்றே இரைச்சலுள்ள முழுமையான வால்பகுதி, தூய்மையான அறுபட்ட வால்பகுதியைவிடப் பன்மடங்கு மேலானது. மூலப்பதிவை அழிக்காமல் வைத்திருந்தால்தான் பின்னொரு காலத்தில் மேலான கருவி வரும்போது இந்தப் பிழையைத் திருத்த முடியும்.

அடுத்தது தொடக்கத்தை வெட்டுதல். கட்டையை அழுத்துவதற்கும் ஒலி எழுவதற்கும் இடையே கோப்பில் எஞ்சியிருக்கும் மௌனம் சில நூற்றிலொரு நொடி இருந்தாலும் கலைஞரின் விரல் அதை உணர்ந்துவிடும். ஒரு கட்டையில் குறைவாகவும் அடுத்த கட்டையில் மிகுதியாகவும் இருந்தால் தாளமே தள்ளாடும். அதற்காக மிக நெருக்கி வெட்டினால், சுத்தியல் புறப்படும் மெல்லிய ஓசை போய்விடுகிறது. 480 கோப்புகளையும் மென்பொருள் தானாகவே வெட்டிவிடும் என்றாலும், மெலிந்த அடுக்குகளில் ஒலியின் தொடக்கம் இரைச்சலுக்குள் புதைந்திருப்பதால் அங்கே மனிதக் காதின் தீர்ப்பே இறுதியானது. ஒலியளவைச் சமன்செய்வதும் இதே தன்மையது. எந்த மனிதக் கையாலும் முப்பது கட்டைகளில் பதினாறு விசைகளை மாறாத படிநிலையில் அழுத்த முடியாது. ஏழாம் அடுக்கைவிட எட்டாம் அடுக்கு மெலிந்து ஒலிக்கும் இடங்கள் எப்படியும் இருக்கும். அவற்றை அளந்து ஒழுங்குபடுத்த வேண்டும். ஆனால் எல்லாக் கட்டைகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால், கருவிக்கே உரிய சிறு மேடுபள்ளங்கள் மறைந்து, குறிப்பிட்ட பியானோ என்னும் அடையாளமும் போய்விடும்.

சுருதித் திருத்தத்தில் நேரும் தவறு இதைவிட நுட்பமானது. பியானோவின் எஃகுத் தந்திகள் விறைப்பானவை. அவற்றின் மேற்சுரங்கள் கணக்கின்படி இருக்க வேண்டிய இடத்தைவிடச் சற்றே உயர்ந்து நிற்கும். அதற்கேற்பச் சுருதி சேர்ப்பவர் மேல் ஸ்தாயிகளைக் கணக்குக்கு மேலாகவும், கீழ் ஸ்தாயிகளைக் கணக்குக்குக் கீழாகவும் விரித்துச் சேர்ப்பார். இதை அறியாமல், ஒவ்வொரு மாதிரியையும் கணினியில் அளந்து சமப்பகுப்பு எண்ணுக்குச் ‘சரிசெய்தால்’ அளவியில் எல்லாம் பொருந்தும். காதில் மேல் ஸ்தாயி தாழ்ந்தும் கீழ் ஸ்தாயி உயர்ந்தும் கேட்கும். சாலமாண்டர் பியானோவின் சுருதி ஒழுங்கின்மையைக் கேட்டுணர்ந்த வேறொருவர் அதைத் திருத்தித் தனிப் பதிப்பாக வெளியிட்டார். மூல ஆசிரியர் திருத்த வேண்டும் என்று காத்திருக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லாமற்போனது கட்டற்ற உரிமத்தின் பயன்.

இத்தகைய திருத்தத்தை எளிதாக்கியது எஸ்.எஃப்.இசட். என்னும் வடிவமைப்பு. இதற்கு முன் பரவலாக இருந்த சவுண்ட்ஃபான்ட் வடிவத்தில் ஒலிகளும் வரைபடமும் ஒரே இருமக் கோப்புக்குள் பூட்டப்பட்டிருந்தன. திறக்கத் தனி மென்பொருள் வேண்டும். எஸ்.எஃப்.இசட்.டில் ஒலிகள் தனித்தனிக் கோப்புகளாகவே இருக்கும். இந்த ஒலி இத்தனையாம் கட்டை முதல் இத்தனையாம் கட்டை வரை, இந்த வேகம் முதல் இந்த வேகம் வரை, இவ்வளவு ஒலியளவில், கையை எடுத்தபின் இவ்வளவு நேரத்தில் அடங்கும் என்ற செய்திகள் வெற்று எழுத்துக் கோப்பில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். எழுத்துக் கோப்பைத் திறக்கத் தெரிந்த எவரும் ஒரு கட்டையின் ஒலியளவை மாற்றலாம்; மாற்றியதை மற்றொருவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏட்டுச் சுவடிகளின் பாடவேறுபாடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த நாட்டுக்கு இந்த முறை அயலானதன்று.

செப்பம் கைமாறிக் கைமாறி நிகழ்ந்ததற்கு மற்றொரு சான்று ஃப்ளூயிட் ஆர்3 என்னும் தொகுப்பு. ஃபிராங்க் வென் உருவாக்கிய அது எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியானதால் லினக்ஸ் இயங்குதளங்களில் இடம்பெற்றது. பின்னர் ஒருவர் அதை ஒற்றைத் தடமாகச் சுருக்கினார். அதிலிருந்து கிறிஸ்டியன் காலின்ஸ் என்பவர் மியூஸ்ஸ்கோர் என்னும் இசைக்குறியீட்டு மென்பொருளுக்கான தொகுப்பை வடித்தெடுத்தார். சுருக்குவதும் செப்பத்தின் ஒரு பகுதியே என்பதை வலியுறுத்த வேண்டும். இரண்டே முக்கால் ஜிகாபைட் அளவுள்ள பியானோ, பழைய மடிக்கணினியோடும் கைப்பேசியோடும் மேடையேறும் ஒருவருக்குப் பயன்படாது. 30 கட்டைகள், 5 அடுக்குகள், பத்து நொடி நீளம், ஒற்றைத் தடம், 16 பிட் என்று அளவிட்டால் மொத்தம் 144 மெகாபைட்டில் அடங்கும். எதை விடுவது, எதைக் காப்பது என்று அறிந்து இத்தகைய சிற்றுருவைச் செய்வது, பெரியதைச் செய்வதற்குக் குறையாத திறன் வேண்டும் வேலை.

உரிமத்தைப் பொறுத்தவரை, பட்டுக்கோட்டை மக்களுக்கு விளக்க எளிய சான்று கையருகே இருக்கிறது. பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காட்டில் 1930இல் பிறந்து 1959இல் மறைந்த கல்யாணசுந்தரத்தின் படைப்புகள் தமிழக அரசால் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. அவற்றை எவரும் அச்சிடலாம். ஓர் ஒலித்தொகுப்பைப் பொது உடைமையாக அறிவிப்பதும் விளைவில் இதைப் போன்றதே. ஆனால் கவிஞரின் சொற்கள் பொதுவானதால் அச்சொற்களைப் பாடிய திரைப்பட ஒலித்தட்டுகளும் பொதுவாகிவிடவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவைத் தனிப் படைப்பாகக் கொண்டு, வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள் அதன் தயாரிப்பாளருக்கு உரிமை தருகிறது. நிகழ்த்துகலைஞருக்கும் தனியுரிமை உண்டு. எனவே பழைய பாட்டிலிருந்து ஒரு வீணை ஒலியை வெட்டி எடுத்துத் தொகுப்பில் சேர்ப்பது உரிமச்சிக்கலை விதைப்பதாகும். தொகுப்பைச் செய்பவர் தாமே பதிய வேண்டும். வாசித்தவரிடம், எந்த உரிமத்தில் வெளியிடப்படும் என்பதைத் தெளிவாகச் சொல்லி எழுத்துமூல ஒப்புதல் பெற வேண்டும்.

வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமங்கள் நல்லெண்ணத்தில் தேர்ந்தெடுக்கப்படுபவை. ஆயினும் அவை மிகவும் தீங்கு செய்வது எளிய கலைஞர்களுக்கே. ஒரு திருவிழாவில் வாசித்துச் சம்பளம் பெறும் மெல்லிசைக் கலைஞரின் வாசிப்பும் வணிகமே என்று கொள்ளப்படலாம். ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்னும் உரிமமோ, எந்தக் கட்டுப்பாடும் இல்லாத பொது உடைமை அறிவிப்போதான் இவ்வகைத் தொகுப்புகளுக்கு ஏற்றவை. உரிமமே குறிப்பிடாமல் ‘இலவசம்’ என்று மட்டும் எழுதிய தொகுப்புகள், எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும், திருத்திப் பகிர இயலாமையால் செய்தவர் ஓய்ந்தவுடன் நின்றுவிடுகின்றன.

ஒலிமாதிரி முறைக்கு எல்லைகளும் உண்டு. உண்மைப் பியானோவில் பெடலை மிதிக்கும்போது எல்லா அடக்கிகளும் உயர்ந்து, அழுத்தாத தந்திகளும் பரிவோடு அதிர்கின்றன. எந்தெந்தச் சுரங்கள் ஒலிக்கின்றன என்பதைப் பொறுத்து அந்த அதிர்வு மாறும். தனித்தனியே பதிந்த மாதிரிகளைக் கூட்டினால் அந்த உறவு வராது. 2006இல் வெளிவந்த பியானோடெக் என்னும் வணிக மென்பொருள், பதிவே இல்லாமல் தந்தி, சுத்தியல், ஒலிப்பலகை ஆகியவற்றைச் சமன்பாடுகளாக எழுதி ஒலியைக் கணிக்கும் வேறு வழியைக் காட்டியது. இரு வழிகளும் இன்று இணைந்து வருகின்றன.

தஞ்சை, மேலைக் கருவிகளை வரவேற்பதிலும் கட்டைக் கருவியின் சுருதியைக் கேள்வி கேட்பதிலும் நெடிய மரபுடையது. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் அவையில் மேலைப் பேண்டு இசை ஒலித்தது. அவர் சேர்த்த மேலை இசைக்குறியீட்டு நூல்கள் சரசுவதி மகாலில் உள்ளன. 1917இல் தஞ்சையில் ‘கருணாமிர்த சாகரம்’ நூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர், ஸ்தாயியை 12 சம அரைச்சுரங்களாகவும் 24 சுருதிகளாகவும் பகுப்பது பழந்தமிழ் முறையே என்று விரிவாக வாதிட்டார். மறுபுறம், நிலைச்சுரம், சுரத்தை அசைத்து இசைக்கும் கமகத்தைக் கொல்லும் என்ற கருத்தால் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடை செய்தது. முப்பதாண்டு கழித்தே அத்தடை தளர்ந்தது. ஒலித்தொகுப்பைக் கருநாடக இசைக்குப் பயன்படுத்துவோர் அந்தப் பழைய விவாதத்தையே மீண்டும் எதிர்கொள்கின்றனர். கீபோர்டில் சுரத்தை வளைக்கும் சக்கரத்தைக் கொண்டு கமகங்களை வாசித்துக் காட்டிய சென்னைக் கலைஞர் சத்யநாராயணனின் வாசிப்பு, குறை முழுவதும் கருவியிடம் இல்லை என்பதற்குச் சான்று. எனினும் வளைவது ஒரே ஒலிமாதிரிதான். தந்தி இழுபடும்போது நிறத்தில் நேரும் மாற்றம் அதில் இல்லை.

2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். பலா மரத்தில் கடைந்த குடம், மெழுகில் பதித்த 24 மெட்டுகள், நான்கு வாசிப்புத் தந்திகள், மூன்று தாளத் தந்திகள் என்பது அதன் அமைப்பு. 24 மெட்டுகளையும் திறந்த நிலையையும் நான்கு தந்திகளில் பதிந்தால் 100 இடங்கள். ஒவ்வொன்றையும் ஐந்து விசையில் மும்முறை மீட்டினால் 1500 மீட்டுகள். பத்து நொடி வீதம் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மிகுந்த பதிவு. பியானோவின் முறை இதுவரை அப்படியே செல்லும். அதன்பின் செல்லாது. ஒரே மெட்டில் தந்தியை இழுத்து மூன்று நான்கு அரைச்சுரங்கள் மேலேற்றும்போது, வளைந்த குதிரையின்மேல் தந்தி உரசும் தன்மையும் மாறுகிறது. அந்தக் குதிரையின் அமைப்பால், பொதுவிதிப்படி எழக்கூடாத மேற்சுரங்களும் வீணையில் எழுகின்றன என்று இராமன் 1921இலேயே காட்டியிருந்தார். ஆகவே இழுப்புகளைத் தனி மாதிரிகளாகவே பதிய வேண்டும். ஒரே காந்தாரம் தோடியில் ஒருவிதமாகவும் பைரவியில் வேறுவிதமாகவும் அசைவதால், கட்டங்களை வரிசையாக நிரப்பும் பியானோ முறையை விட்டு, இராகவாரியாகச் சிறு பிடிகளைப் பதியும் முறைக்கு மாற வேண்டியிருக்கும்.

நாகசுரத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. கும்பகோணம் பகுதியின் நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆச்சா மரத்தில் கடையப்படும் அதன் ஏழு விரல் துளைகள், கட்டைகளைப்போல் ஒவ்வொன்றும் ஒரு சுரத்தைத் தருவதில்லை. துளையைப் பாதி மூடுவதும், சீவாளியில் உதட்டின் அழுத்தமும், மூச்சின் வலிவும் சேர்ந்தே சுரம் அமைகிறது. சீவாளி நாணலால் ஆனது. ஈரப்பதத்திற்கேற்ப நாளுக்கு நாள் மாறும். கலைஞர்கள் பலவற்றைக் கையில் வைத்திருந்து வேளைக்கேற்பத் தேர்ந்துகொள்வர். எனவே ஒரே அமர்வில், ஒரே சீவாளியில் பதியக்கூடிய அளவுக்குள் பதிவைத் திட்டமிடுவதும், பயன்பட்ட சீவாளியைப் பற்றிய குறிப்பைத் தொகுப்போடு சேர்ப்பதும் இன்றியமையாதவை. கீபோர்டுகளில் வரும் நாகசுர டோன்கள் பெரும்பாலும் உயிரற்று ஒலிப்பதற்குக் காரணம் பதிவின் தரக்குறைவு அன்று. ஒரு கருவியின் முறையை வேறொரு கருவியின்மேல் அப்படியே சுமத்தியதுதான்.

தாளக்கருவிகளில் நிலைமை நம்பிக்கையளிப்பது. அக்ஷய் அனந்தபத்மநாபன் பதிந்த மிருதங்கச் சொற்களின் தொகுப்பு, பத்து வகைச் சொற்களை ஆறு வெவ்வேறு சுருதிகளில் கொண்டு, 7162 தனி ஒலிகளாக, பார்சிலோனா பல்கலைக்கழகம் ஒன்று 2005 முதல் நடத்தும் ஃப்ரீசவுண்ட் என்னும் ஒலிக்களஞ்சியத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஆய்வுக்காகப் பதிந்ததாயினும், கருநாடக இசைக்கருவி ஒன்றின் மூலப்பதிவுகள் பெயரும் வகையும் சுருதியும் குறிக்கப்பட்டு இவ்வளவு எண்ணிக்கையில் பொதுவில் கிடைப்பது பெரிய முன்னேற்றம். இதே முறையில் படுகையின் தவிலைப் பதிவதானால், வலந்தலையில் கூடு மாட்டிய விரல்களின் சொற்களையும் தொப்பியில் கழியின் சொற்களையும் முதலில் தனித்தனியேயும் பின்னர் இணைத்தும் பதிய வேண்டும். இரு பக்கத் தோல்களும் ஒரே காற்றை அடைத்து நிற்பதால் ஒன்றின் அடி மற்றொன்றை அதிரச் செய்யும், தனிப்பதிவுகளைக் கூட்டினால் மட்டும் அது கிடைக்காது. ஒலிவாங்கி தாங்கும் அளவைத் தவிலின் வலிவு எளிதில் தாண்டிவிடுமாதலால் பதிவளவைப் போதிய இடைவெளி விட்டுத் தாழ்த்தி வைக்க வேண்டும். கோப்பின் பெயரிலேயே சொல், பக்கம், விசை, பதிந்த நாள், வார் இழுக்கப்பட்டது அமர்வுக்கு முன்போ இடையிலோ என்னும் செய்தி ஆகியவை இடம்பெற்றால், பின்னால் செப்பனிட வருபவர் பதிந்தவரைத் தேடிக் கேட்காமலே வேலையைத் தொடங்க முடியும்.